அஞ்சு கட்டை

"சீட்டெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. அட்மிஷன் கேட்டு வர்றவங்கள உள்ள உடாதன்னு பெரிய டீச்சர் சொல்லிருக்காங்க" என்று கேட்டைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார் வாட்ச்மேன் கொளஞ்சி.

அபயாம்பாள் வெளியே நின்று அவரையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலையில் இந்த கேட்டுக்குள்தான் நுழைகிறாள். ஆட்டோவிலிருந்து அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது கைப்பையை வாங்கிக்கொள்வது இதே கொளஞ்சிதான். இன்றைக்கு வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"கொளஞ்சி, நான்தான்."

அவர் கை கேட்டிலேயே நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்துத் தெரியாதவருக்குக் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"ஐய, பாட்டு டீச்சரா! என்னாம்மா இப்டி ஆயிட்டீங்க? பாதி ஒடம்ப எங்க உட்டுட்டு வந்தீங்க?"

"மெட்ராஸ்லதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் மண்டைக்குள் பெரிதாக அதிர்ந்து அடங்கியது. வெளியே அது சின்னச் சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொளஞ்சி ஒன்றும் திடுக்கிடவில்லை.

பிப்ரவரியில் வயிற்றை அறுத்துச் சுருக்கினார்கள். அதற்கு முன் நூற்று இருபத்தொரு கிலோ. இந்த ஜூனில் எண்பத்து நாலு. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. முழங்கால் வலி, இருந்ததா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் மே மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ காதுக்குள் திரையை விலக்கியதுபோல் இருந்தது. அதன்பிறகு அவள் மூச்சு அவளுக்கே கேட்க ஆரம்பித்தது. உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம், கொல்லன் துருத்தி மாதிரி. பேசினால் வெறும் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. சளியாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு, ஸ்கூல் தொறந்தா சரியாயிடும் என்று நினைத்துக்கொண்டாள். எதனால் அப்படி நினைத்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வெட்டிக்கொண்டதே ஒரு நாற்காலிக்காகத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சர்க்கரை என்று சொன்னாள், முழங்கால் என்று சொன்னாள். கணவர் நடனசபாபதியிடமும் அதைத்தான் சொன்னாள்.

அவர்கள் பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு வணக்கப் பாட்டு உண்டு. ஸ்தாபகர் காலத்தில் எழுதி மெட்டுப் போட்டது. காலை பிரேயரில் ஆயிரத்து முந்நூறு பெண்களும் சேர்ந்து பாட வேண்டும். அதற்குச் சுருதி எடுத்துக் கொடுப்பதுதான் பாட்டு டீச்சரின் வேலை. சுருதிப் பெட்டி எந்தக் காலத்திலோ பழுதாகி பீரோ மேல் ஏறிவிட்டது. அது தேவைப்படவும் இல்லை. அபயாம்பாள் வாயைத் திறந்து "ஸா" என்றால் அது அஞ்சு கட்டையில் நிற்கும். மயிரிழை ஏறாது, இறங்காது. கல்யாணக் கச்சேரிக்கு வரும் நாகஸ்வரக்காரர்கள்கூட அவள் குரலை வைத்துச் சுருதிப் பெட்டியைச் சரிபார்க்கலாம் என்று தமிழாசிரியை தில்லையம்மாள் வேடிக்கையாகச் சொல்வாள். பெண்கள் அந்த 'ஸா'வைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள்.

போன டிசம்பர் ஆண்டு விழாவில் முழங்கால் மடங்கிவிட்டது. மேடையில் கொளஞ்சி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மைதானம் முழுக்க நின்றுகொண்டிருக்க, அவள் மட்டும் உட்கார்ந்து பாடினாள். சிறப்பு விருந்தினராக வந்த ஆள் தன் பேச்சில், "வாழ்த்துப் பாட்டுக்கு எழுந்து நிற்பது மரியாதை. நிற்க முடியாத அளவுக்கு நம்ம ஊரில் சாப்பாடு நல்லா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது" என்றார். கூட்டம் சிரித்தது. அவளிடம் பாட்டுப் படித்த பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றைக்கு அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

*

அந்த ஜூனில் பள்ளிக்கூடம் தாமதமாகத்தான் திறந்தது. புதுப் பாடப் புத்தகமா, பழைய பாடப் புத்தகமா என்று கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கையில் ஒரு புத்தகமும் இல்லை. முதல் நாள் பிரேயருக்கு அவள் மேடை ஏறினாள். அஞ்சு படி. கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். பின்னால் நாற்காலி இல்லை. கீழே பெண்கள் "பாட்டு மிஸ்டி, பாட்டு மிஸ்டி" என்று கிசுகிசுப்பது தெரிந்தது. நின்றுகொண்டு, முதுகை நிமிர்த்தி, மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"ஸா."

அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மண்டைக்குள் ஒரே முழக்கம். இருபத்திரண்டு வருஷம் அவள் குரல் வாயிலிருந்து கிளம்பி, எதிரே இருக்கும் மாடிக் கட்டடத்தில் மோதி, காதுக்கு வந்து சேரும். அதைக் கேட்டுத்தான் அவள் மேலே போவாள். இப்போது அது வெளியே போனதாகவே தெரியவில்லை. முழக்கத்துக்குப் பயந்து குரலைத் தணித்தாள். தணித்ததில் சுருதி எவ்வளவு இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பெண்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பல்லவி முடிவதற்குள் பாட்டு தரையைத் தொட்டுவிட்டது. பெண்கள் உறுமினார்கள். சரிசெய்வோம் என்று ஒரு இழுப்பு இழுத்தாள். மேல் ஸட்ஜமத்துக்குப் போகிற வரியில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோனார்கள். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒருத்தி சிரித்தால் போதும்.

மேடையை விட்டு இறங்கியதும் தில்லையம்மாள் பக்கத்தில் வந்தாள். "ஏன்டி அபயம், வயித்த மட்டும்தானே வெட்டுனாங்க? தொண்டையையும் சேத்து வெட்டிட்டாங்களா?"

"சளிடி."

"சளின்னா எங்களுக்கெல்லாம் வர்ற சளிதானே? போயி மொளகு ரசம் குடி. ரசமாவது உள்ள போவுமா?"

ஆசிரியர் அறையில் அன்று முழுக்க அவளைச் சுற்றியே பேச்சு. திரும்பி நில்லுங்க பார்ப்போம் என்றார்கள். பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க என்றார்கள். பழைய ரவிக்கையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். தன் குரல், தன் மூச்சு, தான் எச்சில் விழுங்குகிற சத்தம், இவற்றுக்கு அப்பால் எங்கோ தூரத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் வருகிறவரை பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, பாட்டு, கதை, விளையாட்டு என்று ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. அவள் வேலையில் சேர்ந்த நாள் முதல் பாட்டு வகுப்பைக் கணக்கு டீச்சர் கடன் கேட்பார், அறிவியல் டீச்சர் பிடுங்கிக்கொள்வார். இப்போது எல்லோரும் அவளைத் தேடி வந்தார்கள். "டீச்சர், நாலாவது பீரியடும் நீங்களே எடுத்துக்கிறீங்களா?" "டீச்சர், எட்டு பி-யைக் கூட்டிக்கிட்டு வந்துடட்டுமா?" காலையிலிருந்து சாயங்காலம்வரை பாட வேண்டும். இப்படி ஒரு காலத்துக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! ஏங்கியது வந்து சேர்ந்தபோது அவளிடம் குரல் இல்லை. குரல் இருந்தது. அது அவளைத் தாண்டி வெளியே போகவில்லை.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தபோது காது பட்டென்று மூடிக்கொண்டது. மூச்சுச் சத்தம் நின்றது. வகுப்பில் மின்விசிறி கரகரவென்று சுற்றுவதும், வெளியே ஐஸ்காரன் மணி அடிப்பதும் தெளிவாகக் கேட்டன. அப்படியே குனிந்து நின்றாள். நிமிர்ந்து நாலு எண்ணுவதற்குள் திரை மறுபடி விலகிவிட்டது.

அதன்பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்டாள். டீச்சர் ரொம்ப உருகிப்போய்க் கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஒன்றிரண்டு பேர் தாங்களும் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார்கள்.

*

சிதம்பரத்தில் பார்த்த முதல் டாக்டர் காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர், பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் மனசு இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்ளும் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். நடனசபாபதி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். லீவு போட்டுவிட்டு அவளைக் கடலூருக்கு அழைத்துப்போனார். மஞ்சக்குப்பத்தில் ஒரு வயதான காது மூக்கு தொண்டை டாக்டர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, "மூச்ச இழுங்க... விடுங்க... இழுங்க" என்றார். பிறகு, "செவிப்பறை மூச்சோட சேர்ந்து ஆடுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"படுத்தா சரியாயிடுதா?"

"ஆமா."

"குனிஞ்சா?"

"ஆமாங்க டாக்டர்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தனக்குப் பைத்தியம் இல்லை என்று முதல்முறையாக ஒருவர் சொல்கிறார்.

மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது என்றார் அவர். அது எப்போதும் மூடியிருக்க வேண்டும். அதைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு, மெத்தை மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். "வேகமா எளைக்கும்போது இங்க எடு, அங்க எடுக்காதன்னு ஒடம்புக்குத் தெரியாதும்மா. அந்த மெத்தையும் போயிடுச்சு. குழாய் தொறந்தே கெடக்கு."

"இப்ப என்னா செய்யறது டாக்டர்?" என்று நடனசபாபதி கேட்டார்.

"மூக்குல விடறதுக்கு மருந்து தர்றேன். தண்ணி நெறைய குடிக்கணும். சில பேருக்குத் தானா சரியாயிடும்."

"சில பேருக்கு?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெயிட்டு மறுபடி ஏறினா?" என்று அபயாம்பாள் கேட்டாள்.

"ஏறினா மூடிக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அதுக்காம்மா நீங்க இவ்வளவும் பண்ணிக்கிட்டீங்க?"

திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் உலகம் இருக்கிற சத்தத்தில் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள், "மசக்கையா கண்ணு?" என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். நாற்பத்தாறு வயதில் அந்தக் கேள்விக்குச் சிரித்திருக்க வேண்டும். பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நடனசபாபதி லைன் வேலைக்குப் போனபிறகு ஒரு கிண்ணம் ரவா கேசரி கிண்டினாள். நெய் மிதக்கிற கேசரி. ஒரு இட்லியில் பாதியைத் தாங்காத வயிறு அது. பத்துப் பதினைந்து கிலோ ஏறினால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கினாள். ஐந்தாவது ஸ்பூனில் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கிண்ணத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட்டாள்.

படுத்ததும் காது மூடிக்கொண்டது.

சிமென்ட் தரை முதுகில் குளிர்ந்தது. படபடப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கியதும், எதற்கென்று இல்லாமல் வாயைத் திறந்து "ஸா" என்றாள். அஞ்சு கட்டை. மயிரிழை பிசகாமல் உத்தரத்தில் போய் நின்று திரும்பி வந்தது. அவள் மேலே போனாள். மேல் ஸட்ஜமத்தைத் தொட்டு நின்றாள். அங்கிருந்து இறங்க மனசில்லாமல் அங்கேயே உலாவினாள். உடம்பு வேறு, குரல் வேறு என்றுதான் அவள் வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அந்த நம்பிக்கைதான் கைகொடுக்கும். இந்தப் பெருத்த உடம்பு எனக்கு யாரோ கொடுத்தது, குரல் மட்டும்தான் நான் என்று சொல்லிக்கொள்வாள். அந்த உடம்புதான் குரலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

நிலைப்படியில் நடனசபாபதி நின்றுகொண்டிருந்தார். சாப்பிட வந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு அபயம். இப்டியே பாடேன்."

"ஸ்கூல்ல படுத்துக்கிட்டா பாட முடியும்?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போய்த் தட்டை எடுத்துப்போட்டுக்கொண்டார்.

*

தலைமையாசிரியை லலிதாம்பிகை கெட்ட மனுஷி இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அபயாம்பாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைத் தன் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"டீச்சர், நம்ம பொன்விழாவுக்கு ஒரு கேசட் போட்டோமே, ஞாபகம் இருக்கா? வெண்மதி அத சிடியா மாத்திட்டா. கொஞ்ச நாளைக்கு பிரேயர்ல அதப் போட்டுக்கலாம். உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

வெண்மதி கம்ப்யூட்டர் டீச்சர், சின்னப் பெண். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் பாடறேனே, மேடம். கொஞ்சம் பழகினா..."

"வேற யார் குரலையுமா போடப்போறோம்? உங்க குரல்தானே போடப்போறோம்?"

அபயாம்பாள் தலையாட்டினாள்.

அந்தக் கேசட் தொண்ணூற்றெட்டில் கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் பதிந்தது. ஸ்டுடியோ இரண்டாவது மாடியில் இருந்தது. படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார்கள். இதை அவள் மறந்தே போயிருந்தாள். வெண்மதி போட்டுக் காட்டியபோது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய குரல், அறை முழுக்க நிரம்பி நின்றது. மேல் ஸட்ஜமத்துக்குப் போகிற வரிக்கு முன்னால் 'ஹா' என்று ஒரு பெரிய மூச்சு. கனத்த உடம்பு ஒன்று சுமையை இறக்கி வைத்துவிட்டு இழுக்கிற மூச்சு.

அவளுக்குக் கூசியது. "வெண்மதி, அந்த மூச்ச மட்டும் எடுத்துட முடியுமாம்மா?"

"பாத்தேன் டீச்சர். அதை வெட்டினா பாட்டு அந்த எடத்துல தாண்டிக் குதிக்குது."

மறுநாளிலிருந்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல் பாடியது. அபயாம்பாள் மேடையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். நிற்பதில் ஒரு சிரமமும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது.

புத்தகங்கள் வந்தன. பாட்டு வகுப்புகள் ஒவ்வொன்றாகக் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்ச் சேர்ந்தன. அவளை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"மிஸ், பிரேயர்ல பாடுறது யாரு மிஸ்?"

அபயாம்பாள் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே, "முன்ன இருந்த டீச்சர்" என்றாள்.

"ஓ, அந்தக் குண்டு மிஸ்ஸா? எங்க அக்கா சொல்லும். அவுங்க பாடுனா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுமாம்." அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கும் பாடத் தெரியுமா மிஸ்?"

*

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கரை ஏறியது. நடனசபாபதி அன்று காலை வீட்டை விட்டுப் போனவர், மூன்றாம் நாள்தான் குளித்துவிட்டுப் போக வந்தார். கண் இரண்டும் சிவந்து, கையெல்லாம் கீறல். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, ஸ்கூல் எப்ப வேணா தொறந்துடுவாங்களாம்."

"ம்."

"நம்ம ஸ்கூல் லைன மட்டும் மொதல்ல போட்டுட முடியுமா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எந்த லைன? கம்பமே இல்ல அபயம். கடலூர்ப் பக்கம் போயி பாரு, வயலெல்லாம் கம்பம் படுத்துக் கெடக்கு. அண்ணாகிராமத்துல ஒரு பலாமரம் நிக்கல, ஒரு முந்திரி நிக்கல. சனம் தோப்புல உக்காந்து அழுவுது. ஆஸ்பத்திரிக்கு, தண்ணி டேங்க்குக்குப் போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம். உங்க ஸ்கூல்ல அப்டி என்னா அவசரம்?"

"பிரேயருக்கு."

"பிரேயருக்கா?" என்று சிரித்தார். "இந்த மூணு நாள்ல பாட்டுக்காகக் கரண்டு கேட்ட மொத ஆளு நீதான்." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எத்தினி பேரு கால்ல விழுந்தாங்க தெரியுமா? கையில கொழந்தையோட நிக்கிறாங்க. நான் என்னான்னு போயி..."

"வேணாம். சும்மாதான் கேட்டேன்."

அன்றைக்கும் மறுநாளும் அவள் பாயில் படுத்துப் பாடினாள். பிறகு உட்கார்ந்து பாடினாள். குனிந்து சுருதியை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, அது கலைவதற்குள் முதல் வரியைப் பாடிவிட முடிகிறதா என்று பார்த்தாள். பத்து தடவையில் ஆறு தடவை முடிந்தது. முதல் வரி போதும். அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் போய்விடுவார்கள். முன்பெல்லாம் அவள் செய்ததும் அவ்வளவுதானே? ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று நினைத்தாள்.

திறந்த அன்று மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அறுத்துப் பாதிதான் அகற்றியிருந்தார்கள். நிழலே இல்லாமல் மேடை வெயிலில் நின்றது. லலிதாம்பிகை அவளிடம் ஓடிவந்தார்.

"ஜெனரேட்டர் எங்கயும் கெடைக்கல டீச்சர். பேட்டரி டேப்புல போட்டா மொத வரிசைக்கே கேக்காது. இன்னிக்கு ஒரு நாள் நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. முடியுமா? இல்ல, பாட்டு வேணாம்னு வுட்டுடலாமா?"

"முடியும் மேடம்."

மேடை ஏறினாள். கீழே ஆயிரத்து முந்நூறு பேரும் இல்லை. வீடு போன பிள்ளைகள், ஊருக்கு பஸ் விடாத பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் கசங்கிய சீருடையில் நின்றார்கள். மைக் இல்லை. அபயாம்பாள் குனிந்து மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடனம் ஆடுகிற பெண்கள் செய்வதுபோல். ஆனால் உடனே நிமிரவில்லை. காது மூடிக்கொள்கிறவரை குனிந்தே இருந்தாள். மூடிக்கொண்டதும் மனசுக்குள் அஞ்சு கட்டையை எடுத்தாள். அது அங்கே இருந்தது. எந்த டாக்டரும் அதை வெட்டவில்லை.

நிமிர்ந்தாள்.

"ஸா."

போயிற்று. வெளியே போயிற்று. எதிர்க் கட்டடத்தில் மோதி அவளிடமே வந்தது. அவள் பல்லவியின் முதல் சொல்லை எடுத்தாள். இரண்டாவது சொல்லில் திரை விலகியது. முழக்கம். மூச்சு. அதற்கு மேல் தன் குரல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. முன்வரிசை முகங்களைப் பார்த்தாள். புருவங்கள் சுருங்கின. வேகமாக மறுபடி குனிந்து எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பாட்டின் நடுவில் குனிகிறவளைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? அவள் வாய் நின்றுவிட்டது.

பாட்டு நிற்கவில்லை. ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து அது எழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்காமல், யாரையும் பார்க்காமல், அந்தப் பிள்ளைகள் பாடினார்கள். ஏழாம் வகுப்பு சேர்ந்துகொண்டது. பிறகு எல்லோரும். அவர்களுடைய வாய்கள் ஒன்றாகத் திறந்து மூடுவதை அவள் பார்த்தாள். மூச்சின் இரைச்சலுக்கு அப்பால் பாட்டு கேட்டும் கேட்காமலும் இருந்தது. லலிதாம்பிகை பக்கத்தில் நின்ற தில்லையம்மாளிடம் ஏதோ சொல்லிச் சந்தோஷமாகத் தலையாட்டினார். இனிமேல் கரண்டு இல்லாவிட்டாலும் கவலை இல்லை என்று சொல்லியிருப்பார்.

மேடை லேசாகச் சாய்ந்ததுபோல் இருந்தது. காலையில் அரைத் தம்ளர் கஞ்சிதான் உள்ளே போயிருந்தது. மேடைப் படியில் யாரோ ஏறுகிற அதிர்வு. கொளஞ்சி. கையில் அதே பிளாஸ்டிக் நாற்காலி. பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பதால், உக்காருங்கம்மா என்று கண்ணாலேயே சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். கால் கேட்கவில்லை. மைதானம் முழுக்க நின்றுகொண்டிருக்க, அபயாம்பாள் உட்கார்ந்தாள். நாற்காலியின் கைப்பிடிகள் எங்கேயோ தள்ளி இருந்தன. இரண்டு பக்கமும் இடம் மீந்தது. முன்னால் சாய்ந்து முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

காது மூடிக்கொண்டது.

அஞ்சு கட்டை. மயிரிழை ஏறாமல், இறங்காமல், இத்தனை பெண்களும் அஞ்சு கட்டையில் நின்றார்கள். பல்லவி முடிந்தது. மேல் ஸட்ஜமத்துக்குப் போகிற வரி வந்தது. அதற்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக நிறுத்தி, 'ஹா' என்று ஒரு பெரிய மூச்சை இழுத்தார்கள். சின்னச் சின்ன நெஞ்சுக்கூடுகள். இரண்டு மாடி ஏறி வந்த ஒரு கனத்த பொம்பளையின் மூச்சு. பாட்டில் அதுவும் உண்டு என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள்.

இழுத்துவிட்டு மேலே ஏறினார்கள்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் கேட்காது.